25 சேலைகளில் பிரபஞ்சம்: நான்காம் வகுப்புக்கு உயிரின் கதையை எப்படிச் சொல்வது?

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், டைனோசர் இருந்தபோது உங்கள் பாட்டி எங்கே ஒளிந்துகொண்டார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டான்.

அன்று மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகளிடம் பழையது எல்லாம் போட்டு வைக்க ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. அதன் பெயர் "அந்தக் காலம்". பாட்டி, ராஜராஜ சோழன், டைனோசர், சூரியன் பிறந்தது எல்லாம் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நம் மாநிலப் பாடத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று தனிப் பாடம் வருவது பத்தாம் வகுப்பில். அதுவரை ஆறு ஆண்டுகள் அந்தப் பெட்டி அப்படியே கிடக்கும். அதற்குள் மனிதன் டைனோசர்மீது சவாரி போகும் கார்ட்டூன்களை அவன் நூறு முறை பார்த்துவிடுவான்.

எனக்கு ஒரு யோசனை. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம், ஒரு மீட்டர் பத்துக் கோடி. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்பதால் மொத்தம் 138 மீட்டர் வேண்டும். பழைய கைத்தறிச் சேலை ஒன்று ஐந்தரை மீட்டர். 25 சேலைகளை வரிசையாக விரித்தால் 137.5 மீட்டர். குறைகிற அரை மீட்டருக்குத் தொடக்கத்தில் ஒரு துண்டு போட்டுவிடலாம். எங்கள் பள்ளித் திடலில் இவ்வளவு இடம் இல்லை. ஏரிக்கரையில் விரிக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சேலை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது. முதல் 16 சேலை தூரத்துக்குச் சூரியனே இல்லை. பதினேழாவது சேலையில் சூரியனும் அதை அடுத்துப் பூமியும் பிறக்கின்றன. பத்தொன்பதாவதில் முதல் உயிர்கள். மேலோடும் கால்களும் கொண்ட கடல் விலங்குகள் பெருகுவது கடைசிச் சேலை தொடங்கிய பிறகுதான். டைனோசர்கள் அழிந்தது கடைசிச் சேலையின் முந்தானையில், முனையிலிருந்து 66 சென்டிமீட்டரில். நம் மனித இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டு. அது மூன்று மில்லிமீட்டர், முந்தானையின் கடைசி ஓரத் தையல் அளவு.

இதைச் செய்யலாமா, எங்கே சறுக்கும், எந்த இடத்தில் எதைக் காட்டலாம் என்று சொல்லுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் என்பதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கணக்கேடு எழுதியது:

நல்ல முயற்சி அக்கா. ஆனால் ஒரு தயக்கம் உண்டு. நான் கணக்கு ஆசிரியன். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஆயிரம் என்பதே இன்னும் கைக்குள் அடங்கவில்லை. கோடி என்பது அவனுக்கு வெறும் சத்தம். "1380 கோடி" என்று சொன்னாலும் "ரொம்ப ரொம்ப" என்று சொன்னாலும் அவனுக்கு ஒன்றுதான். பிரபஞ்சத்தின் வரலாற்றை ஓர் ஆண்டு நாட்காட்டியாகக் காட்டும் முறை இருக்கிறதே, அது எளிது அல்லவா? ஜனவரி முதல் தேதி தொடக்கம், டிசம்பர் 31 நள்ளிரவு நாம். நாட்காட்டி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது.

இன்னொன்று. சேலைகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சாண் போய்விடும். 24 முடிச்சுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். உங்கள் அளவில் அது 50 கோடி ஆண்டு. இப்போதைய சேலைகள் பல ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் வருகின்றன. அளந்து பார்த்து எடுங்கள்.

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

முடிச்சு விஷயம் தங்கமான யோசனை, நன்றி தம்பி. ஊக்கு குத்திக்கொள்கிறேன். நீளமான சேலைகளின் ஓரத்தை மடித்துவிடலாம்.

நாட்காட்டி எனக்கும் தெரியும். முயன்றும் பார்த்தேன். டிசம்பர் 30 அன்று டைனோசர் அழிந்தது என்றதும் ஒரு பெண் "போன டிசம்பரா டீச்சர்?" என்றாள். காலத்தை இன்னொரு காலத்தால் அளந்து காட்டும்போது பிள்ளை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. நீளம் அப்படி இல்லை. கால் நடந்து அறிவது அது. கோடி என்ற சொல்லை முதல் நாள் சொல்லவே போவதில்லை. நடந்து முடித்து, வேர்த்து, "இன்னும் எவ்வளவு தூரம் டீச்சர்?" என்று அவர்களாகக் கேட்ட பிறகுதான் எண் வரும்.

கற்குவியல் எழுதியது:

ஓய்வுபெற்ற புவியியலாளன். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பல ஆண்டுகள் அலைந்தவன். அம்மா, உங்கள் முந்தானையில் எங்கள் ஊர்ப் பக்கமே முழுதாக இருக்கிறது.

காரை என்ற ஊரை ஒட்டி மழை அரித்த களிமண் மேடுகள் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கின்றன. புல்கூட முளைக்காத இடம். வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிபோல் மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கிக் குண்டு போன்ற கூரிய கற்கள் சிதறிக் கிடக்கும். அவை கணவாய் மீனின் பழங்கால உறவினர்களான பெலம்னைட்டுகளின் உடற்பகுதி. சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் கிடைக்கும். அங்கெல்லாம் கடல் இருந்தது. உங்கள் சேலையில் முனையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில். இன்று கடற்கரை அங்கிருந்து பல மணி நேரப் பயணம்.

கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுப்பது அதைத்தான். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த சிப்பியின் ஓடுதான் பொடியாகி, சுடப்பட்டு, மூட்டையில் வந்து வீட்டுச் சுவராக நிற்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன பிள்ளைகள் எல்லாம் சுவரை முகர்ந்து பார்த்தார்கள்.

சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர்க் கல்மரத்தை அடையாளம் கண்டவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன், 1940-இல். அந்த மரம் 12 கோடி ஆண்டுப் பழையது என்று கொள்ளப்படுகிறது. அப்படியானால் 1.2 மீட்டரில் ஓர் ஊக்கு குத்துங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளான சார்னோகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. 25 மீட்டர். பின்னோக்கி ஐந்தாவது சேலைக்கே போக வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்து நடக்க வைக்காதீர்கள். முனையிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். நாங்கள் பாறையை அப்படித்தான் படிக்கிறோம். தெரிந்த மேலடுக்கிலிருந்து தெரியாத கீழடுக்குக்கு இறங்குவோம். பிள்ளைக்குத் தெரிந்தது பாட்டி. அங்கே தொடங்குங்கள்.

கொடைமலை எழுதியது:

மாண்டிசோரி முறைப் பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் காரணமாக ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை மகன் மரியோவுடன் கொடைக்கானலில் இருந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் முழுப் பிரபஞ்சத்தையும் ஒரு கதையாகக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து நிலவியல், தாவரம், கணக்கு, எழுத்து என்று கிளை பிரிக்கும் "பிரபஞ்சக் கல்வி" முறையை அவர்கள் அங்கேதான் விரிவாக்கினார்கள். உலகெங்கும் அந்தப் பள்ளிகளில் இன்றும் நீண்ட கறுப்புத் துணி ஒன்றைச் சுருள் பிரித்துக்கொண்டே போவார்கள். அது பூமியின் வயது. கடைசி நுனியில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று, மனிதன்.

அந்தத் துணியைப் பிரிக்கும்போது நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை. முதல் சில அடிகளில் பிள்ளைகள் சளசளவென்று பேசுவார்கள். பாதியில் அடங்கிவிடுவார்கள். முடிவுக்கு வரும்போது கூடம் நிசப்தமாக இருக்கும். உங்கள் சேலையிலும் அந்த மௌனத்துக்கு இடம் விடுங்கள் டீச்சர். விளக்கம் சொல்லி நிரப்பிவிடாதீர்கள்.

எங்கள் முறைப்படி முதலில் கதை. அதோடு சின்னச் சின்னச் செய்முறைகள். எரிமலை மாதிரிக்கு அம்மோனியம் டைகுரோமேட்டைக் கொளுத்திக் காட்டும் வழக்கம் இருந்தது. பச்சைச் சாம்பல் பொங்கி வழியும், பார்க்க அற்புதமாக இருக்கும்.

வேதியியல் எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அம்மோனியம் டைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. தூசி மூக்கில் ஏறினாலே கேடு. எட்டு வயதுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் அறையில் அதற்கு இடமே இல்லை. எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா போட்டால் போதும், பொங்கி வழியும்.

பூமியின் நடுவில் இரும்பு ஏன் போய்ச் சேர்ந்தது என்று காட்ட ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடித் தம்ளரில் கெட்டியான வெல்லப்பாகு, தண்ணீர், நல்லெண்ணெய் மூன்றையும் எந்த வரிசையில் மெதுவாக ஊற்றினாலும் பாகு அடியில், எண்ணெய் மேலே. பூமி உருகிக் கிடந்த காலத்தில் கனமான இரும்பு இப்படித்தான் இறங்கியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் செய்து காட்டுவார்கள்.

கொடைமலை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. எங்கள் பள்ளியிலும் நிறுத்திவிட்டோம். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெல்லப்பாகு அருமை, எடுத்துக்கொள்கிறேன்.

மாலைவானம் எழுதியது:

வானம் பார்ப்பவன். உயிர்க் கதையிலேயே எல்லோரும் நின்றுவிட்டீர்கள். முதல் 16 சேலைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? அதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

"பெருவெடிப்பு" என்ற சொல்லே பிள்ளைகளை ஏமாற்றிவிடுகிறது. தீபாவளி வெடிபோல ஒரு நடு இடத்தில் வெடித்து நாலாபுறமும் சிதறியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சப்பாத்தி மாவு உருண்டையில் நாலைந்து எள்ளை ஒட்டித் தேய்த்துக் காட்டுங்கள். எந்த எள்ளின்மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்தாலும் மற்ற எள் எல்லாம் உங்களைவிட்டு விலகும். மாவுதான் விரிகிறது. எள் ஓடவில்லை.

அந்த நீண்ட தூரத்தில் நடந்தது சமையல். தொடக்கத்தில் இருந்தது ஹைட்ரஜனும் ஹீலியமும், மிகச் சிறிதளவு லித்தியமும். எலும்பில் இருக்கும் கால்சியம், ரத்தத்தில் இருக்கும் இரும்பு எல்லாம் விண்மீன்களில் வெந்து, அவை சிதறியபோது வெளியே வந்தவை. பல விண்மீன்கள் பிறந்து, எரிந்து, செத்த பிறகே நம் பூமிக்கான சரக்கு சேர்ந்தது. அந்த 16 சேலையும் வீணான இடம் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கார்த்திகைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு. உங்கள் அளவில் ஒரு மீட்டர். டைனோசர்கள் பூமியில் தோன்றியது 23 கோடி ஆண்டுக்கு முன், 2.3 மீட்டரில். அதாவது டைனோசர்கள் வந்த புதிதில் கார்த்திகை விண்மீன்கள் வானத்தில் கிடையாது. வானம் எப்போதும் ஒரேபோல் இருந்தது என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். இருட்டான ஊராக இருந்தால் நவம்பர், டிசம்பர் மாலையில் ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தையும் காட்டுங்கள், மங்கலான பஞ்சுத் துணுக்குபோல் தெரியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. முனையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் கிளம்பிய ஒளி இன்றைக்குக் கண்ணில் வந்து விழுகிறது.

இரு பிள்ளைத் தாய் எழுதியது:

பல்லாவரம் பக்கம் குடியிருக்கிறோம். கற்குவியல் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு மகனை மலைப்பக்கம் கூட்டிப்போய்ப் பாறையைத் தொட வைத்தேன். நன்றி.

எனக்கு இரண்டு கேள்விகள். என் மகளுக்கு அவள் வகுப்பில் "குரங்கு மனிதன் ஆனது" என்று வரிசையாகக் குனிந்து நிமிரும் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். "அப்படியானால் வண்டலூரில் இருக்கும் குரங்கு எப்போது மனிதன் ஆகும்?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? மாமியார் வேறு, "கடவுள் படைத்தார் என்று சொல்லாமல் இது என்ன பாடம்" என்கிறார். அவர் மனம் நோகாமல், பிள்ளைக்கும் பொய் சொல்லாமல் எப்படி?

கற்குவியல் எழுதியது:

குரங்கு நமக்குத் தாத்தா இல்லை அம்மா, பங்காளி. சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையின் வழியில் வந்தவர்கள். கிளை பிரிந்து அறுபது, எழுபது லட்சம் ஆண்டு ஆகிறது. சேலையில் ஆறேழு சென்டிமீட்டர், நான்கு விரற்கடைக்குள். பெரியப்பா மகன் என்றைக்காவது நம் மகனாக மாறுவானா? அவன் வழி அவனுக்கு, நம் வழி நமக்கு. இப்படிச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிபடும். தமிழில் உறவுமுறைச் சொற்கள் இவ்வளவு இருக்கும்போது அந்தக் குனிந்து நிமிரும் படம் நமக்கு எதற்கு?

மாமியார் விஷயத்துக்கு: பூசையறையில் சாளக்கிராமம் இருக்கிறதா? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் இருக்கும் சக்கரம் ஓர் அம்மோனைட். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த உயிரின் ஓடு. அவர் அதை வணங்கட்டும். பேத்தி அதில் கடலையும் பார்க்கட்டும். என் தாயார் காலமாகும்வரை இரண்டும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே இருந்தன.

மொழிக்காடு எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், தொல்காப்பியம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லையே. அதன் மரபியல் என்ற பகுதியில் ஓரறிவு உயிர் முதல் ஆறறிவு உயிர்வரை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, மனிதன் ஆறறிவு. பரிணாமத்தைத் தமிழர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தொடங்கினால் பெருமையோடு கேட்பார்கள்.

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

ஐயா, அந்தப் பகுதியை எனக்கும் மிகவும் பிடிக்கும். வகுப்பில் சொல்லவும் செய்வேன். ஆனால் அது உயிர்களைப் புலனறிவால் வகைப்படுத்துகிறது. ஒன்று இன்னொன்றாகக் காலப்போக்கில் மாறியது என்று அது சொல்லவில்லை. செடியையும் நத்தையையும் எறும்பையும் நண்டையும் இவ்வளவு கூர்ந்து பார்த்து அடுக்கிய கண்ணே பெரிய பெருமைதானே? சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஏற்றிவிட்டால், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை படித்துப் பார்த்துவிட்டு நம் இருவரையும் நம்பாமல் போகும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மொழிக்காடு எழுதியது:

சரி, ஏற்கிறேன். கூர்ந்து பார்க்கும் பயிற்சிக்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்.

கிணற்றடி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் கிணறு வெட்டினால் சில அடியிலேயே சுண்ணக்கல் வந்துவிடும். மயோசின் காலத்துக் கடல் படிவு அது, கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று, கட்டுக்கல்லிலே சிப்பித் தடம் தேடச் சொல்வேன். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று போதும். எங்கள் குடிதண்ணீரே அந்தப் பழைய கடலின் கல்லுக்குள் தேங்கித்தான் வருகிறது என்று விளங்கினதும் பிள்ளைகள் கிணற்றை எட்டிப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

தெற்கே இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில் நீர்யானை எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கு இலங்கையில் நீர்யானையை மிருகக்காட்சிச் சாலையில்தான் பார்க்கலாம். இதைச் சொன்னால் ஒரு வாரத்துக்குக் கேள்வி ஓயாது.

ஒரு சங்கடம். எரிகல் விழுந்து டைனோசர் அழிந்த கதையைச் சொன்ன அன்று இரவு ஒரு பிள்ளை நித்திரை கொள்ளவில்லை, அழுதுகொண்டே இருந்தாள் என்று தாய் வந்து சொன்னார். போரைக் கண்ட குடும்பம். வானத்தில் இருந்து ஏதும் விழும் என்றால் எங்கள் வீடுகளில் அதற்கு வேறு அர்த்தம். இதை எப்படிக் கையாள்வது?

மாலைவானம் எழுதியது:

படித்ததும் மனம் கனத்துவிட்டது. உங்கள் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். அன்று விழுந்தது ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலக் கல், மெக்சிகோவின் யுகடான் பக்கம். அவ்வளவு பெரிய கல் அதற்குப் பிறகு 66 சென்டிமீட்டர் தூரத்தில் ஒருமுறைகூட அப்படி ஓர் அழிவைக் கொண்டுவரவில்லை. அன்று வானத்தைப் பார்த்துக் காவல் இருக்க யாரும் இல்லை. இன்று இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறு விண்கல்லின்மேல் மோதவிட்டு, அது தன் பெரிய துணைக்கல்லைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. கல்லைத் தள்ளிவிட முடியும் என்று செய்தே பார்த்துவிட்டார்கள்.

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

கூடவே கோழியைக் காட்டுங்கள் அம்மா. எல்லா டைனோசரும் அழியவில்லை, ஒரு கிளை பறவைகளாகப் பிழைத்தது. கோழிக்காலின் செதிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அழிவோடு கதையை நிறுத்தினால்தான் பிள்ளை பயப்படும். என் வகுப்பில் ஒருத்தி இப்போது வீட்டுக் கோழியை "என் டைனோசர்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

கணக்கேடு எழுதியது:

பாடத்திட்டத்தில் இல்லாததை எடுத்தால் மேலிருந்து கேள்வி வராதா? 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்தே பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நாம் நான்காம் வகுப்பில் தொடங்குகிறோம்.

கொடைமலை எழுதியது:

அதனால்தான் கீழ் வகுப்பில் தொடங்க வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தில் 2014 முதல் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கே பரிணாமம் பாடமாக இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பனைதான் கால். மதிப்பெண் பயம் இல்லாத வயதில் கொடுத்துவிட்டால், பத்தாம் வகுப்பில் அந்தப் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர்களிடம் இருக்கும்.

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். நேற்று காலை விரித்துவிட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

23 பிள்ளைகள், 23 சேலைகள். என்னுடையது இரண்டு. சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, நைந்துபோன வாயில் என்று எல்லாம் இருந்தன. இருநாள் முன்பே வகுப்பில் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து, மிச்சத்தை மடித்து ஊக்கு குத்தினார்கள். அதுவே ஒரு வாரக் கணக்குப் பாடம் ஆகிவிட்டது. தொடக்கத்துத் துண்டு எங்கள் தலைமையாசிரியர் தோளிலிருந்து வந்தது. ஏரிக்கரையில் காற்று, அதனால் ஓரமெல்லாம் கல் வைத்தோம்.

கற்குவியல் ஐயா சொன்னபடி முனையிலிருந்து பின்னோக்கி நடந்தோம். முதலில் எல்லோரையும் மண்டியிட வைத்தேன். "இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் உன் பாட்டி, பாட்டியின் பாட்டி, அவள் பாட்டி என்று தலைமுறைகளை எண்ணிக்கொண்டே போனால் 4000 தலைமுறை இருக்கிறது" என்றேன். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று போட்ட கணக்கு. கண்ணைத் தரையோடு வைத்து அந்த ஓரத் தையலைப் பார்த்தார்கள். எழுத்து கண்டுபிடித்து 5000 ஆண்டு என்றால் இதில் எவ்வளவு என்று ஒருவன் கேட்டான். தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வைத்து, இதைவிடக் குறைவு என்று காட்டினேன். அவன் அந்த முடியை நோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

முந்தானையைக் கடக்க வெகுநேரம் ஆனது. ஊக்குக்கு ஊக்கு நின்றார்கள். சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆதிமனிதர் கற்கருவிகள் ஒன்றரை சென்டிமீட்டரில், திருவக்கரைக் கல்மரங்கள் இருபதில், டைனோசர் அழிவு அறுபத்தாறில். பாட்டியைப் பற்றிக் கேட்ட பையன் 66-இல் உட்கார்ந்து, ஒரு கையை அங்கும் மறுகையை முனையிலும் வைத்துப் பார்த்தான். கை நீட்டி நீட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிச் சேலையைத் தாண்டியதும் ஊக்குகள் அருகிவிட்டன. "ஒன்றும் இல்லையா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். உயிர் தோன்றியது முனையிலிருந்து 35 மீட்டரில். அங்கிருந்து ஐந்தாறு மீட்டர்வரை, ஐந்து சேலைக்கு மேல், உயிர்கள் இருந்தன, ஆனால் அநேகமாக எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. 24 மீட்டர்ப் பக்கம் மட்டும் நிறுத்தினேன். ஏரித் தண்ணீரில் மிதந்த பச்சைப் படலத்தைக் கையில் அள்ளிக் காட்டி, நீலப்பச்சைப் பாசியின் கதையைச் சொன்னேன். வயலுக்கு உரமாக அதைப் போடுவார்கள் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியும். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இந்தக் கூட்டத்தால்தான் என்றதும் ஒரு பெண் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, "இது அதுவா?" என்றாள்.

சூரியன் பிறந்த இடத்தைக் கடந்த பிறகு நான் பேசவில்லை. கொடைமலை சொன்ன அந்த அமைதி வந்தது. மீதி 16 சேலையை யாரும் ஓடாமல் நடந்தார்கள். துண்டைத் தொட்டதும் ஒருவன் திரும்பிப் பார்த்து, "முந்தானை இங்கிருந்து தெரியவில்லை" என்றான்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஒரு சேலை கிழிந்துவிட்டது, அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன். இருவருக்கு இன்னும் சோழர்களும் டைனோசரும் ஒன்றாகவே கிடக்கிறார்கள் என்று இன்றைய வகுப்பில் தெரிந்தது. அவர்களோடு மட்டும் நாளை முந்தானையை மறுபடி விரிக்கப் போகிறேன். சப்பாத்தி மாவை இன்னும் செய்யவில்லை.

அடுத்த மாதம் திருவக்கரைக்குப் போகிறோம். வேன் பேசியாயிற்று. கற்குவியல் ஐயா, அங்கே கிடப்பவை முளைத்த இடத்தில் நின்ற மரங்களா, ஆற்றோடு வந்தவையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எதைப் பார்த்துச் சொல்வது?

கற்குவியல் எழுதியது:

வேரும் கிளையும் இருக்கின்றனவா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள் அம்மா. கிடைக்காது. அடிமரம் மட்டும்தான் கிடக்கும். வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. பிறகு மரத்தின் இடத்தில் சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்து கல்லாயிற்று. வளையங்களும் நார்களும் கண்ணுக்கே தெரியும். ஒரு சில்லும் எடுத்துவரக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். தேதியை எழுதுங்கள், நானும் வருகிறேன். கைக்கண்ணாடி ஆறு இருக்கிறது.

ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

இரண்டாவது சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே இருப்போம். கடைசிச் சேலையையும் கொண்டுவருகிறோம்.